நாய் சுணங்கிக் கிடக்கிறதா? டாக்டரிடம் போகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டுச் செவலை ஒரு நாட்டு நாய். கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே மாடியிலிருந்து மூன்று படிகளை ஒரே தாவாகத் தாவி வந்து நிற்பாள். ஒரு சித்திரை மாதம் அவள் வரவில்லை. படுத்த இடத்திலிருந்தே வாலை இரண்டு தரம் தரையில் தட்டினாள், அவ்வளவுதான். மதுரை வெயில் ஆயிற்றே, சோர்ந்திருக்கிறாள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மோர் ஊற்றினோம், ஃபேனைப் போட்டோம். மூன்றாம் நாள் காலை அவள் படுத்திருந்த சாக்கில் ரத்தப் புள்ளிகள், மூக்கிலிருந்து ஒழுகியிருந்தது. உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 40,000-க்கும் கீழே போயிருந்தன.

செவலை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த முதல் நாளே அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்திருந்தால், ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தால், இரண்டு நாள் வீணாகியிருக்காது. அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டதை, புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சோர்வு என்று தனியாக ஒரு நோய் கிடையாது. காய்ச்சல், வலி, ரத்தக் குறைவு, விஷம், பயம் என்று எது வந்தாலும் நாய் முதலில் செய்வது ஒன்றே: படுத்துக்கொள்ளும். அதனால் என்ன நோய் என்று வீட்டில் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் கேட்கப்போகும் விவரங்களைச் சேர்த்து வையுங்கள். இந்த இரண்டையும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். வண்டியை எடுங்கள்.

- எழுந்து நிற்க முடியவில்லை, அல்லது நின்றால் தள்ளாடி விழுகிறது.
- ஈறு வெளிறிக் காகிதம் போல இருக்கிறது, அல்லது நீலம் பாய்ந்திருக்கிறது.
- படுத்திருக்கும்போதும் வயிற்றை எக்கி எக்கி மூச்சு விடுகிறது.
- வயிறு உப்பி இறுகியிருக்கிறது, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வரவில்லை.
- வலிப்பு வந்தது.
- சிறுநீர் கழிக்க முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை.
- எலி மருந்து, பூச்சி மருந்து, மனிதர் மாத்திரை எதையாவது தின்றது, அல்லது தின்றிருக்கலாம் என்று சந்தேகம்.
- குட்டி நாய், வாந்தியோ பேதியோ நிற்கவில்லை.

நான்காவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன், டாபர்மேன் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து அப்படியே முறுக்கிக்கொள்வது உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், அறுவை சிகிச்சை ஒன்றே வழி. இரவு பதினொரு மணி என்றாலும் காலை வரை காத்திருக்க முடியாத நிலை இது. அதனால் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைப் போனில் போட்டு வையுங்கள்.

கை வைக்கும் முன்

உடம்பு முடியாத நாய், எவ்வளவு பாசமானதாக இருந்தாலும், வலிக்கும் இடத்தில் கை பட்டால் கடிக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி பக்கவாட்டிலிருந்து போங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெறிநோய் வந்த நாய் நுரை தள்ளிக்கொண்டு எல்லோரையும் துரத்தும் என்றுதான் நினைத்திருக்கிறோம். மூலையில் ஒடுங்கிக் கிடப்பது, தாடை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது என்று சத்தமில்லாத வகையும் இருக்கிறது. பார்ப்பதற்குத் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போலவே இருக்கும். அப்படி இருந்தால் வாய்க்குள் கை விடவே கூடாது. டாக்டருக்குப் போன் செய்து, தடுப்பூசி போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் நீங்களும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் சோப்பில்லாமல் வெறும் தண்ணீர்.

வீட்டில் செய்யும் சோதனை

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் தொட்ட பிறகு மூச்சு மாறிவிடும்.

*மூச்சு.* நாய் தூங்கும்போது அல்லது அசையாமல் படுத்திருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை இருக்கலாம். தூக்கத்திலேயே 30-ஐத் தாண்டிக்கொண்டிருந்தால் இதயம், நுரையீரல், ரத்தக் குறைவு, காய்ச்சல், வலி இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. வெயிலில் ஓடிவந்து நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

*ஈறு.* இதைத்தான் எல்லோரும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். மேல் உதட்டைத் தூக்கிப் பல்லுக்கு மேலே உள்ள சதையைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் 2 விநாடிக்குள் நிறம் திரும்பும். வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது அல்லது ரத்த ஓட்டம் சரியில்லை. மஞ்சளாக இருந்தால் கல்லீரல் கெட்டிருக்கலாம், சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம். செங்கல் போல் சிவந்திருந்தால் வெப்பத் தாக்காக இருக்கலாம். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ்க் கண்ணிமையை மெல்ல இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள், அதே நிறக் கணக்குத்தான். நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஈறைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

*காய்ச்சல்.* மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது பழைய நம்பிக்கை, அதை விட்டுவிடலாம். தூங்கி எழுந்த நல்ல நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். காதைத் தொட்டுப் பார்ப்பதும் உதவாது. நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். முனையில் தேங்காயெண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் ஓர் அங்குலம் மெதுவாக நுழைத்து, பீப் சத்தம் வரும் வரை பிடித்திருங்கள். ஒருவர் தலைப்பக்கம் அணைத்துப் பேசிக்கொண்டிருந்தால் போதும், பெரும்பாலான நாய்கள் பொறுத்துக்கொள்ளும். நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பலர் மனிதக் கணக்கான 98.6-ஐ மனதில் வைத்து, 102 வந்ததும் பதறி காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். 103-க்கு மேல் போனால்தான் காய்ச்சல். 104 என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 99-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காய்ச்சலைவிட மோசம்.

*தோல்.* தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்துவிட வேண்டும். கூடாரம் போல நின்று மெதுவாக இறங்கினால் நீர்ச்சத்து போயிருக்கிறது. வயதான நாய்க்குத் தோலே தளர்ந்திருப்பதால் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே ஈறின் பிசுபிசுப்பை நம்புங்கள்.

*உடம்பு முழுக்க.* தலையிலிருந்து வால் வரை கையால் நீவிக்கொண்டே வாருங்கள். எங்கே சிலிர்க்கிறது, திரும்பிப் பார்க்கிறது, முறைக்கிறது என்று கவனியுங்கள். வயிற்றை இரு கையாலும் மெதுவாகத் தாங்கிப் பாருங்கள், இறுக்கிக்கொண்டால் வலி இருக்கிறது. காதை முகர்ந்து பாருங்கள், வாயையும். காலடி மெத்தைகளில் முள், கண்ணாடி இருக்கிறதா? கழுத்தின் கீழும் முன்தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா? வயிற்றில் முடியில்லாத இடத்தில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் இருந்தால் போட்டோ எடுங்கள். தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருப்பதன் அடையாளம் அது.

உண்ணி தேடும் இடங்கள் தனி: காது மடலுக்குள்ளே, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலுக்குக் கீழே, தொடை இடுக்கு. கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம்.

நோட்டில் எழுத வேண்டியது

டாக்டரிடம் போய் "ரெண்டு நாளா டல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? கடைசியாக முழுச் சாப்பாடு சாப்பிட்டது எப்போது, தண்ணீர் குடிக்கிறதா, எவ்வளவு? சிறுநீர் என்ன நிறம்? மலம் எப்படி? வாந்தியில் என்ன வந்தது, மஞ்சள் நீரா, சோறா, ரத்தமா? கடைசித் தடுப்பூசி, கடைசிப் பூச்சி மாத்திரை, கடைசி உண்ணி மருந்து எந்தத் தேதி? பெண் நாய் என்றால் கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது?

அப்புறம் ஒரு கேள்வி, பலருக்கும் தோன்றாதது: கடந்த மூன்று வாரத்தில் என்ன மாறியது? புது வீடு, புது உணவு, வெளியூரில் நாய் விடுதியில் விட்டது, தோட்டத்தில் மருந்து அடித்தது, கல்யாண வீட்டு மிச்சச் சாப்பாடு, பக்கத்துத் தெருவில் குட்டிகள் செத்தது. காரணம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் எங்கேயோ இருக்கும்.

நடை, இருமல், வலிப்பு, மூச்சு எதுவாக இருந்தாலும் போனில் வீடியோ எடுங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பயத்தில் நாய் விறைப்பாக நின்று, ஒன்றுமில்லாதது போலக் காட்டிவிடும்.

பொறுத்துப் பார்க்கலாம் என்றால் எது வரைக்கும்

தடுப்பூசி போட்ட அன்றும் மறுநாளும் சுணங்கியிருப்பது சகஜம். தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். வீட்டில் ஒருவர் வெளியூர் போய்விட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் இருக்கும். இவற்றில் ஈறு, வெப்பம், மூச்சு மூன்றும் சரியாக இருக்கும். ஓரிரு நாளில் தேறிவிடும்.

கத்திரி வெயிலில் எல்லா நாயும் பகலில் சோர்ந்துதான் கிடக்கும். வெயில் சோர்வா, நோய்ச் சோர்வா என்று பிரிக்க நான் பயன்படுத்துவது சாயங்காலத்தை. வெயில் தாழ்ந்து, தரை ஆறி, காற்று வந்த பிறகு நாய் எழுந்து சோம்பல் முறித்து, சாப்பாட்டுத் தட்டைத் தேடி வந்தால் அது வெயில். இரவு எட்டு மணிக்கும் தலையைத் தூக்கவில்லை என்றால் வெயில் மீது பழி போடாதீர்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் செவலைக்கு நாங்கள் இரண்டு நாள் இழந்தோம்.

வளர்ந்த நாய், தண்ணீர் குடிக்கிறது, மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சரி என்றால் 24 மணி நேரம் பார்க்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி, வயதான நாய், சினை நாய், ஏற்கெனவே மருந்தில் இருக்கும் நாய் என்றால் அந்த 24 மணி நேரமும் கிடையாது.

உண்ணிக் காய்ச்சல்: நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது

நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி எர்லிக்கியா என்ற பாக்டீரியாவைக் கொண்டுவருகிறது. அது வெள்ளை அணுக்களுக்குள் குடியிருக்கும். 1935-இல் அல்ஜீரியாவில் முதலில் அடையாளம் கண்டார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து கூட்டமாகச் செத்தபோதுதான் இதன் கொடூரம் உலகத்துக்குத் தெரிந்தது. இன்றும் அந்த இனத்தை இது மற்றவற்றைவிடக் கடுமையாகத் தாக்குகிறது.

உண்ணி கடித்து 8 முதல் 20 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் உண்ணி உதிர்ந்து போயிருக்கலாம், நீங்களே குளிப்பாட்டி எடுத்திருக்கலாம். "உடம்புல ஒரு உண்ணிகூட இல்லையே டாக்டர்" என்று நாங்களும் சொன்னோம். இல்லை என்பதற்கு அர்த்தமில்லை. மூன்று வாரம் முன்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. காய்ச்சல் வரும், தானே விடும், மறுபடி வரும். சாப்பாடு குறையும். நெறி கட்டும். மூக்கில் ரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளி, கண் மங்கல் எல்லாம் சற்றுப் பின்னால் வருபவை. சில நாய்கள் இந்தக் கட்டத்தைத் தானாகவே தாண்டி, மாதக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு, பிறகு எலும்பு மஜ்ஜை கெட்டுப்போய் வந்து நிற்கும். அப்போது காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

உண்ணி கொண்டுவரும் இன்னொன்று பபீசியா. இது சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. ஈறு வெளிறுவது வேகமாக நடக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மட்டும் பபீசியாவுக்குப் போதாது. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அதனால்தான் "உண்ணிக் காய்ச்சல் மாத்திரை" என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள் என்கிறேன். எந்தக் கிருமி என்று தெரியாமல் கொடுத்த மருந்து சில நாள்களைத் தின்றுவிடும்.

டாக்டர் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனையும், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையும் எழுதுவார். கேட்டு வாங்கவும் செய்யலாம். அறிக்கையில் முதலில் தட்டணுக்களைப் பாருங்கள்: நாய்க்கு ஏறக்குறைய 2 லட்சம் முதல் 5 லட்சம் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12 முதல் 18. ரத்தம் கட்டிப்போயிருந்தால் இயந்திரம் தட்டணுக்களைக் குறைத்து எண்ணிவிடும், அதைச் சரிபார்க்கவும் அந்தக் கண்ணாடித் துண்டு உதவும். சொட்டு ரத்தத்தில் சில நிமிடத்தில் கோடு காட்டும் கிட் சோதனை நோய் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. நோய் தொடங்கிய முதல் நாள்களில் இல்லை என்று காட்டலாம்; குணமாகி மாதங்கள் ஆன பிறகும் இருக்கிறது என்று காட்டலாம். கிட் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் பொதுவாக 28 நாள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் எழுந்து விளையாடத் தொடங்கிவிடும், அங்கேதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சாப்பாட்டோடு கொடுங்கள். மாத்திரை தொண்டையில் தங்கிவிடாமல் மேலே கொஞ்சம் தண்ணீரும் போக வேண்டும். பாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் தட்டணு ஏறும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கிருமி உள்ளே இருக்கும் வரை தட்டணு மறுபடி இறங்கும். சாற்றை நம்பி மருந்தைத் தள்ளிப் போட்டால் நஷ்டம் நாய்க்கு.

வேறு என்னவாக இருக்கலாம்

*குட்டி நாய்.* ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குட்டி சுணங்கி, வாந்தி எடுத்து, துர்நாற்றத்தோடு ரத்தப் பேதி போனால் பார்வோ என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். டிரிப்ஸ் ஏற்ற ஏற்றத்தான் உயிர் நிற்கும். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலை நம்ப வேண்டாம், 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து கழுவுங்கள். குட்டி வெளிறி, வயிறு மட்டும் பானை போல இருந்தால் குடற்புழு. கொக்கிப் புழு ரத்தத்தையே குடித்துவிடும்.

*மழைக்காலம்.* ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். அதிலிருந்து வரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, காய்ச்சல், தசை வலி, வாந்தி, மஞ்சள் காமாலை என்று போய், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். இது மனிதருக்கும் தொற்றும். நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

*கருத்தடை செய்யாத பெண் நாய்.* பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் சோர்ந்து, தண்ணீரை அதிகமாகக் குடித்து, சாப்பிட மறுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பின்பக்கம் சீழ் ஒழுகினால் நமக்குத் தெரிந்துவிடும். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டு உள்ளேயே சீழ் தேங்கும் வகைதான் அதிக ஆபத்து, வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்கேன் எடுத்தால் தெரியும், பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும்.

*மாம்பழக் காலம்.* மாங்கொட்டையைச் சப்பும் நாய் அதை அப்படியே விழுங்கிவிடும். குடலில் அடைத்துக்கொண்டு, தின்றதெல்லாம் வாந்தியாக வந்து, நாய் துவண்டு போகும். சாக்ஸ், சோளக் கருது, கோழி எலும்பும் இப்படித்தான்.

*விஷம்.* எலி மருந்து தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருக்கும். ரத்தம் உறையாமல் செய்யும் வகை என்றால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் துவளும். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த சூயிங்கம், அரளி எல்லாம் ஆகாதவை. மிச்ச பிரியாணியும் குழம்பும் தொடர்ந்து வைக்கும் வீடுகளில், அதிலுள்ள வெங்காயமே சிவப்பணுக்களை உடைத்து நாயை வெளிற வைக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

*வயதான நாய்.* இங்கே சோர்வு மெதுவாக வருவதால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். காலையில் அளந்து தண்ணீர் வைத்து, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டினால், சிறுநீரகம், சர்க்கரை, ஹார்மோன் எல்லாம் பார்க்க வேண்டும். இரவில் இருமலும் வயிறு வீங்குவதும் இதயத்தைக் காட்டும். படி ஏறத் தயங்கினால் மூட்டு வலி. சாப்பாட்டு முன் நின்று முகர்ந்துவிட்டுத் திரும்பினால் பல்லைப் பாருங்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், டாபர்மேன் நடுவயதில் அதிகம் சாப்பிடாமலே குண்டாகி, மந்தமாகி, வாலில் முடி உதிர்ந்தால் தைராய்டு.

*வெப்பத் தாக்கு.* மூக்கு சப்பையான பக், புல்டாக் வகைகளுக்கும், குண்டான லாப்ரடாருக்கும் சீக்கிரம் வரும். கடுமையாக இரைத்து, எச்சில் வடிந்து, தள்ளாடும். வெப்பம் 105-ஐத் தாண்டும். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

கொடுக்கவே கூடாதவை

வீட்டு மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஏற்கெனவே தட்டணு குறைந்த நாய்க்கு இவை இன்னும் மோசம். போன தடவை டாக்டர் கொடுத்த மருந்து மிச்சம் இருக்கிறது என்று அதையும் கொடுக்காதீர்கள். சாப்பிட மறுக்கும் நாயின் வாயில் பாலைப் புகட்டுவதும் வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், நிழலும் காற்றும் இருக்கட்டும், அவ்வளவு போதும்.

டாக்டரிடம்

நோட்டு, தடுப்பூசிப் புத்தகம், வீடியோ, சுத்தமான டப்பாவில் கொஞ்சம் மலம். இந்த நான்கும் இருந்தால் பாதி நேரம் மிச்சம். அக்கம்பக்கத்து கிளினிக்கில் ஸ்கேன், எக்ஸ்ரே வசதி இல்லை என்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகள் இருக்கின்றன. வேப்பேரிக் கல்லூரி 1903-இலிருந்தே நடக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்: என்னவென்று சந்தேகிக்கிறீர்கள், எந்தச் சோதனை அதை உறுதி செய்யும், எத்தனை நாளில் தேறவில்லை என்றால் திரும்பி வர வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான பதிலை நோட்டில் தேதியாகவே எழுதுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானால் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை காத்திருக்கிறது. பெண் உண்ணி நாயின் மேல் முட்டையிடாது. ரத்தம் குடித்து ஊதியதும் இறங்கி, சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, கூண்டின் மூலை, சாக்கு மடிப்பு என்று ஒளிந்து ஆயிரக்கணக்கில் இடும். நாய் மேல் மட்டும் மருந்து போட்டால், அடுத்த தலைமுறை சுவரிலிருந்து இறங்கி வரும். படுக்கைத் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். வீட்டுக்கு மருந்து அடித்தால் தரை காயும் வரை நாயை வெளியே வையுங்கள். பூனையும் இருக்கும் வீடு என்றால் பெர்மெத்ரின் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது உயிர்க்கொல்லி. நாய்க்கு மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. எடைக்கு ஏற்ற அளவு எது, வலிப்பு வந்த நாய்க்குக் கொடுக்கலாமா என்பதை டாக்டர் சொல்வார்.

நாங்கள் செவலை படுக்கும் மாடிப்படி அடியில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவர் வெடிப்பு முழுக்க உண்ணி. அதை அடைத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. 28 நாள் மருந்து முடிந்து, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் மறுபடி ரத்தம் எடுத்தபோது தட்டணு 2,30,000. அன்று மாலை கேட் சத்தம் கேட்டு அவள் படியில் இறங்கி வந்தாள், ஒவ்வொரு படியாக.